டிவிக்கு வந்த இருமல்

அன்பு முகுந்தா,

எப்படி இருக்கிறாய் என்று கேட்டு ஆரம்பிக்க மனசு வரவில்லை. நேராக விஷயத்துக்கு வந்துவிடுகிறேன். உன் நாடகம் போன வாரம் துபாய்க்கு வந்தது. இரண்டு நாள், மூன்று காட்சி. அம்மா பார்த்தாள். அதை வெட்டியது நான்தான்.

வேறு யாராவது வெட்டியிருந்தால் இந்நேரம் உன் படத்துக்கு முன்னால் நின்று அவர்களைத் திட்டித் தீர்த்திருப்பேன். இப்போது யாரைத் திட்டுவது? இரண்டு நாளாக உன் படத்தைத் துடைக்கிற சாக்கில் போய் நிற்கிறேன், ஒன்றும் சொல்லாமல் வந்துவிடுகிறேன். அதனால்தான் எழுதுகிறேன். உனக்குத் தெரிந்ததையும் நடுநடுவே திரும்பச் சொல்வேன், பக்கத்தில் நின்று எட்டிப் படிக்கிறவர்களுக்காக. பொறுத்துக்கொள்.

என் வேலை உனக்குத் தெரியும். காயல்பட்டினத்து ஹமீது காக்காவின் கம்பெனி; காக்கா என்றால் அவர்கள் ஊரில் அண்ணன். இங்கிலாந்திலிருந்தும் இந்தியாவிலிருந்தும் மேடை நிகழ்ச்சிகளை இங்கே கொண்டுவருகிறோம். செட்டுகளை வைக்க ஷார்ஜா தொழில்பேட்டையில் ஒரு குடோன், துபாயில் ஒரு சின்ன ஆபீஸ். எந்த நாடகம் வந்தாலும் அதன் பிரதியை முதலில் படிக்கிறவள் நான். படித்துவிட்டு ஒரு பட்டியல் போடுவேன். பக்கம், வரி, என்ன இருக்கிறது, என்னவாக மாற்றலாம். நாலு கட்டம். ஆபீசில் அதற்குச் சேஞ்ச் லிஸ்ட் என்று பெயர்.

இதில் வேடிக்கை என்னவென்றால், இதை வெட்டு என்று யாரும் எங்களிடம் வந்து சொன்னதே இல்லை. சொல்லிவிடுவார்களோ என்று நாங்களே முந்திக்கொண்டு வெட்டிவிடுவோம். முத்தம் கைகுலுக்கலாகும். கல்யாணம் பிறந்தநாள் விருந்தாகும். இரண்டு ஆண்கள் சேர்ந்து வாழ்ந்தால் ஒருவர் மற்றவருக்குச் சித்தப்பா மகன். பத்து வருஷத்தில் நான் உருவாக்கிய சித்தப்பா மகன்களை வரிசையில் நிறுத்தினால் ஒரு பஸ் நிரம்பும்.

ஒருமுறை சொதப்பினேனே, ஞாபகம் இருக்கிறதா? இரண்டு காதலர்களை அண்ணன் தம்பியாக்கிவிட்டு, இரண்டாம் பாதியில் வந்த பாட்டைக் கவனிக்காமல் விட்டுவிட்டேன். தம்பி மேடையில் நின்று, நீ போன பிறகு படுக்கையின் அந்தப் பக்கம் ஜில்லென்று இருக்கிறது என்று உருகிப் பாடுகிறான். அரங்கத்தில் யாரோ சிரிக்க, எல்லோரும் சிரித்தார்கள். உனக்குப் போன் பண்ணிச் சொன்னபோது நீ சிரித்த சிரிப்பில் எனக்குக் காது வலித்தது. "அக்கா, உங்க ஊர்ல அண்ணன் தம்பி பாசம் ரொம்ப ஜாஸ்திக்கா" என்றாய். சிரித்து முடித்துவிட்டு, "அந்தப் பாட்டை எழுதினவன் எனக்குத் தெரிஞ்சவன்தான். அவன்கிட்ட நான் சொல்ல மாட்டேன்" என்றாய். அப்போதாவது எனக்கு உறைத்திருக்க வேண்டும்.

அதற்கும் முன்னால் நடந்த ஒன்று இருக்கிறது. ஆண்ட்ரூவைப் பற்றி நீ முதன்முதலில் என்னிடம் சொன்ன நாள். நான் ஷார்ஜா நஹ்தாவில் காய்கறிக் கடையில் நின்றுகொண்டிருந்தேன். நீ சுற்றி வளைக்காமல் சொன்னாய். அவர் ஒரு பள்ளிக்கூட வாத்தியார், நாங்கள் சேர்ந்து வாழ்கிறோம், ரொம்ப சந்தோஷமாக இருக்கிறேன். சந்தோஷமாக இருக்கிறேன் என்று சொன்னவனிடம் நான் என்ன சொன்னேன்? "சரிடா. அம்மாகிட்ட மட்டும் சொல்லிடாத." கையில் வெண்டைக்காயை ஒடித்துப் பார்த்துக்கொண்டே சொன்னேன். நான் போட்ட முதல் வெட்டு அதுதான் என்று இப்போது தோன்றுகிறது.

நீ லண்டன் போன புதிதில் அங்கத்து மேடைகளைப் பற்றி வாரா வாரம் புலம்புவாய். "எங்க ஆளுங்க எல்லா ஷோலயும் இருக்காங்கக்கா. கதாநாயகிக்கு நல்ல டிரஸ் எடுத்துக் குடுப்பான், ஜோக் அடிப்பான், ஒரு பெரிய பாட்டுப் பாடுவான், எல்லாரும் கைதட்டுவாங்க. அப்புறம் அவன் வீட்டுக்குப் போனானா, சோறு தின்னானான்னு ஒருத்தனுக்கும் அக்கறை இல்ல. இல்லன்னா நோய் வந்து சாவான்." பிறகு கொஞ்சம் கொஞ்சமாக உன் குரல் மாறியது. பள்ளிக்கூடப் பையனே கதாநாயகனாக வருகிறான் என்றாய். இரண்டு பெண்கள் காதலித்து, சண்டை போட்டு, கடைசியில் உயிரோடு இருக்கிறார்கள் என்றாய். குழந்தை குட்டிகளோடு குடும்பமாக வந்து பார்த்துவிட்டு ஐஸ்க்ரீம் சாப்பிட்டுக்கொண்டு போகிறார்கள் என்று சொன்னபோது உன் தொண்டை கம்மியது. எனக்கு அது ஏன் என்று புரியவில்லை. ஐஸ்க்ரீம் சாப்பிடுவதில் அழ என்ன இருக்கிறது என்று நினைத்தேன்.

உனக்கு ஒரு குறை மட்டும் தீரவே இல்லை. நம் ஊர்க் குடும்பத்துப் பையன் மேடைக்கு வந்தால் அவன் அம்மா மட்டும் அப்படியே இருக்கிறாள் என்பாய். தலையில் அடித்துக்கொள்கிறாள், போட்டோவைக் கிழிக்கிறாள், பையன் பெட்டியோடு வாசலில் நிற்கிறான். "வெள்ளைக்கார அம்மாக்களுக்கு மட்டும் மனசு மாறும். நம்ம அம்மாவுக்கு மாறவே கூடாதா?" அதற்காகத்தான் நீ உன் பாட்டு நாடகத்தை எழுதினாய்.

அதில் பெரிய கதை ஒன்றும் இல்லை. ஷார்ஜாவில் வளர்ந்த ஒரு கீபோர்டுக்காரன், அவனோடு வாழும் ஒரு வாத்தியார், தெற்கு லண்டனில் ஒரு சின்ன வீடு, ஒரு குளிர்காலம். ஹீட்டர் வேலை செய்யாது. வாத்தியாருக்குத் தூசி ஆகாது, இருமிக்கொண்டே இருப்பார். ஞாயிற்றுக்கிழமை தோறும் அம்மா போன் பண்ணுவாள். "யாருடா அங்க இருமுறது?" என்பாள். பையன் "டிவிம்மா" என்பான். அடுத்த வாரமும் இருமல், அடுத்த வாரமும் டிவி. நாலாவது வாரம் அம்மா பாடுவாள்: அந்த டிவிக்குச் சித்தரத்தையும் அதிமதுரமும் தட்டிப் போட்டுப் பால் காய்ச்சிக் குடுடா, பாவம். அந்த ஒரு பாட்டு முழுக்கத் தமிழில். மேலே ஆங்கிலத்தில் எழுத்து ஓடும். அந்த இடத்தில் ஒவ்வொரு காட்சியிலும் அரங்கம் அழுகிறது என்று ஆண்ட்ரூ எழுதியிருந்தார்.

பிரதியில் படித்தபோது நானும் அழுதேன். ஆனால் உனக்கு எப்படி ஒரு அம்மா வேண்டுமோ அப்படி எழுதிக்கொண்டாய் என்றுதான் நினைத்தேன். நம் அம்மா அப்படியா என்று கேட்டால் எனக்குச் சிரிப்புத்தான் வந்திருக்கும்.

பப் ஒன்றின் மாடியில், சின்ன அறையில் அது ஆரம்பித்ததைப் பார்த்தாய். பெரிய அரங்கத்துக்குப் போனதை நீ பார்க்கவில்லை. முப்பத்தொன்பது வயதில், ஒத்திகைக்குக் கிளம்பிய காலையில், தலைக்குள் ஒரு நரம்பு வெடித்தது என்றார்கள். அப்புறம் நாடகம் மட்டும் ஊர் ஊராகப் போனது. எழுதியவன் வளர்ந்த ஊரிலும் போட வேண்டும் என்று லண்டனில் ஆசைப்பட்டார்கள். பிரதி என் மேஜைக்கு வந்தது.

ஹமீது காக்கா என்னை உட்கார வைத்துத்தான் பேசினார். "சுமதிம்மா, இது உங்க தம்பியோட ஷோ. எடுக்கணுமா வேணாமான்னு நீங்களே சொல்லுங்க. எடுத்தா லிஸ்ட் போட்டுத்தான் ஆகணும். நம்மகிட்ட எத்தனை பேரு வேலை பாக்கறாங்க, எல்லாரு விசாவும் இந்தக் கம்பெனி மேலதான் இருக்கு. வேற ஆளை வச்சுப் போடச் சொல்லட்டுமா?"

"வேணாம் காக்கா. நானே போடறேன்."

அவர் மேல் எனக்குக் கோபம் இல்லை. நீ போன செய்தி வந்த நாளில் எனக்கு டிக்கெட் போட்டு ஏர்போர்ட் வரை வந்தவர் அவர். நான் ஏன் ஒத்துக்கொண்டேன் என்று என்னையே கேட்டுக்கொண்டிருக்கிறேன். ஷார்ஜாவில் என்னோடு இருக்கும் அம்மாவுக்கு முழங்கால் இனி லண்டன் வரை தாங்காது. விசாவும் இரண்டு முறை கிடைக்கவில்லை. அவள் இதைப் பார்க்க வேறு வழி இல்லை. யாரோ ஒருவர் வெட்டுவதை விட நான் வெட்டினால் உனக்கு வலி குறைவாக இருக்கும் என்றும் நினைத்தேன். இப்படி ஒரு முட்டாள்தனம் உண்டா?

ஆண்ட்ரூவிடம் கேட்டேன். உரிமை இப்போது அவரிடம்தானே இருக்கிறது. "அவன் அம்மா ஒருமுறையாவது அந்தப் பாட்டைக் கேட்க வேண்டும் என்று ஆசைப்பட்டான். மிச்சம் இருப்பதைக் கேட்கட்டும்" என்றார். மிச்சம் இருக்குமா என்று அவர் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை.

முப்பத்தேழு மாற்றங்கள். வாத்தியார், வாடகையைப் பகிர்ந்துகொள்ளும் நண்பர் ஆனார். ஒரு கட்டில் இரண்டானது. கையைப் பிடித்துக்கொள்ளும் இடத்தில் இருவரும் சேர்ந்து ஒரு பெட்டியைத் தூக்குகிறார்கள். இருமலில்தான் மாட்டிக்கொண்டேன். நான்கு நாள் யோசித்தேன். நண்பர் இருமினால் "நண்பன்மா" என்று சொல்லிவிட்டுப் போகலாமே, எதற்கு டிவி என்று பொய் சொல்ல வேண்டும்? அந்தப் பொய் இருக்கும் வரை எல்லோருக்கும் எல்லாமும் புரிந்துவிடும். அதனால் இருமலையே எடுத்துவிட்டேன். இருப்பது: இருமல். மாற்றம்: நீக்கம். இப்போது மேடையில் நிஜமாகவே ஒரு டிவி ஓடும். அம்மா "என்னடா சத்தம்?" என்பாள். அவன் "டிவிம்மா" என்பான். சித்தரத்தைப் பால் போய், கண்ணு கெட்டுப் போகும், அணைச்சுட்டுத் தூங்கு என்று திட்டும் பாட்டாக அது மாறியது. அந்த வரிகளை எழுதியதும் நான்தான். உன் மெட்டில் அவை கச்சிதமாக உட்கார்ந்தன. அதுதான் தாங்க முடியவில்லை.

லண்டன்காரர்கள் ஒரு வார்த்தை எதிர்த்துப் பேசவில்லை. உங்கள் ஊர் உங்களுக்குத்தான் தெரியும் என்று மரியாதையாக எழுதி அனுப்பினார்கள். யாராவது சண்டைக்கு வந்திருக்கலாம்.

சனிக்கிழமை மதியக் காட்சிக்கு அம்மாவைக் கூட்டிப்போனேன். சக்கர நாற்காலி வைக்கிற வரிசையில் ஓரத்து இடம். உன் பெயர் எங்கே போட்டிருக்கிறது என்று கேட்டு, அந்தத் தாளை மடித்து ஹேண்ட்பேகில் வைத்துக்கொண்டாள். அரங்கம் நிறைய நம் ஆட்கள். டிவி பாட்டு வந்ததும் ஒரே சிரிப்பு. எங்க அம்மாவும் இப்படித்தான் என்று பின்னால் ஒரு பெண் சொன்னாள். நான் அம்மாவைப் பார்த்தேன். அவள் சிரிக்கவில்லை. கழுத்தை நீட்டி, மேடையின் ஓரத்தில் எதையோ தேடிக்கொண்டிருந்தாள்.

திரும்பும்போது ஷார்ஜா ரோட்டில் வழக்கம்போல் வண்டி நகரவில்லை. வெயில் இறங்கிக்கொண்டிருந்தது. அம்மா மெதுவாகக் கேட்டாள்.

"பாட்டெல்லாம் நல்லாத்தான் இருந்துச்சு. அந்த இருமல் எங்கடி?"

"எந்த இருமல்மா?"

"அதான், டிவி இருமுமே."

என் கால் பிரேக்கில் இருந்தது, நல்லவேளை.

"மூணு வருஷம் இருமுச்சு அந்த டிவி. ஞாயித்துக்கிழமை தவறாது. டிவி எப்படிடா மூக்கை உறிஞ்சும்னு ஒருநாள் கேட்டேன், பேச்சை மாத்திட்டான். சித்தரத்தை குடுன்னு சொன்னேன். அடுத்த வாரம், 'இப்ப கொஞ்சம் தேவலைம்மா'ங்கிறான். யாருக்குத் தேவலைன்னு அவனும் சொல்லல, நானும் கேக்கல."

"உனக்குத் தெரியுமாம்மா?"

"எனக்கு என்ன தெரியும். பக்கத்துல ஒரு ஆள் இருக்கு, அதுக்கு உடம்பு முடியல. குளிர்ல புள்ளை தனியா கெடக்கலையேன்னு நிம்மதியா இருந்துச்சு. அவனா சொல்லுவான்னு இருந்தேன். என்னமோ, கடைசி வரைக்கும் வாயே தொறக்கல. நான் திட்டுவேன்னு நெனச்சிட்டான் போல."

முன்னால் நின்ற லாரியையே பார்த்துக்கொண்டிருந்தேன். முகுந்தா, அவன் வாயைத் திறக்காததற்குக் காரணம் நான்தான் என்று அம்மாவிடம் சொல்ல வேண்டிய இடம் அது. வாயைத் திறந்தேன், "ஏசியக் கூட்டி வைக்கட்டுமாம்மா?" என்று கேட்டேன். இதுவரை சொல்லவில்லை. நீ அவளிடம் சொல்லியிருக்கலாம். ஏன் என் பேச்சைக் கேட்டாய்? எத்தனையோ விஷயத்தில் கேட்காதவன், இதை மட்டும் ஏன் கேட்டாய்?

வீட்டுக்கு வந்த பிறகுதான் திருச்சி ஞாபகம் வந்தது. உன்னை லண்டனிலிருந்து நம் சொந்த ஊர் வீட்டுக்குக் கொண்டுவந்து கூடத்தில் வைத்திருந்தோம். பத்திரிகையில் கண்ணீர் அஞ்சலி விளம்பரம் கொடுக்கும் வேலை என்னிடம் வந்தது. கீழே பெயர்கள் வரிசையாக வருமே: அம்மா, அக்கா, மாமா, பிள்ளைகள், பெரியப்பா வீடு, சித்தி வீடு. எல்லோரையும் போட்டுவிட்டுக் கடைசியில் 'மற்றும் லண்டன் நண்பர்கள்' என்று எழுதினேன். உன்னோடு ஒன்பது வருஷம் வாழ்ந்தவர் அந்த மற்றும்-க்குப் பின்னால் இருந்தார். வாசல் பக்கம், செருப்புகளுக்கு நடுவே, வெள்ளைச் சட்டையோடு நின்றார். யார் இவர் என்று சித்தி கேட்டதற்கு, கூட வேலை பார்த்தவர் என்றேன்.

சாம்பிராணிப் புகை அதிகமானபோது அவர் இருமினார். கைக்குட்டையை வாயில் அழுத்திக்கொண்டு இருமினார், அடங்கவில்லை. உன் தலைமாட்டில் அழுதுகொண்டிருந்த அம்மா சட்டென்று நிறுத்திவிட்டுத் தலையைத் தூக்கி வாசலைப் பார்த்தாள். "அந்தத் தம்பிக்கு யாராவது வெந்நீர் குடுங்க" என்றாள். பெற்ற பிள்ளை கிடக்கும்போது இப்படி ஒரு பேச்சா, துக்கத்தில் புத்தி தடுமாறுகிறது என்று நான்தான் அவள் தோளைப் பிடித்துத் திருப்பினேன். வெந்நீர் யாரும் கொடுக்கவில்லை.

ஞாயிறு காலை அம்மா என் போனை எடுத்துக்கொண்டு வந்தாள். "அந்தத் தம்பிக்கு இங்கிலீஷ்ல போடு. இருமல் எப்படி இருக்குன்னு கேளு." அனுப்பினேன். அவர் எழுதுவதும் அழிப்பதுமாகத் திரையில் ரொம்ப நேரம் தெரிந்துகொண்டே இருந்தது. கடைசியில், "இப்போதெல்லாம் குளிர்காலத்தில் மட்டும். ஏன் கேட்கிறீர்கள்?" என்று வந்தது. அம்மாவிடம் படித்துக் காட்டினேன். அவள் எழுந்து போய்ச் சித்தரத்தையை இடிக்க ஆரம்பித்துவிட்டாள். பழைய ஹார்லிக்ஸ் பாட்டிலில் பொடியை அடைத்து, துணி சுற்றி, மேலே ஒரு பிளாஸ்டிக் பை கட்டினாள்.

மறுநாள் இரண்டு பேரும் கூரியர் கடைக்குப் போனோம். கவுண்டரில் இருந்தவர் சவுதியில் தம்மாமில் பல வருஷம் இருந்துவிட்டு இங்கே வந்த தஞ்சாவூர்க்காரர். வீட்டில் செய்த பொடி என்றதும் ஒரு தாளை நீட்டினார். "பெர்சனல் கிஃப்ட்டுனு போட்டுக்கலாம் மேடம். வாங்குறவரு உங்களுக்கு என்ன ரிலேஷன்?"

எனக்குப் பதில் தெரியும், முகுந்தா. அம்மா பக்கத்தில் நாற்காலியில் உட்கார்ந்து என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். கடையில் வேறு யாரும் இல்லை. பயப்பட ஒரு காரணமும் இல்லை. என் கை தானாக எழுதியது. ஃப்ரெண்ட். பத்து வருஷப் பழக்கம், பேனாவை எடுத்தால் அதுதான் வருகிறது. எழுதிவிட்டுப் பார்த்தேன். அம்மா பையின் முடிச்சை இன்னொருமுறை இறுக்கிக் கொடுத்தாள்.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். இந்தக் கடிதத்திலும் அவர் பெயரை மாற்றித்தான் எழுதியிருக்கிறேன். அவர் ஆண்ட்ரூ இல்லை. நீ முகுந்தனும் இல்லை. நாலு பேர் படிக்கப்போகிறார்கள் என்றதும் பட்டியல் தானாக மனசுக்குள் ஓட ஆரம்பித்துவிட்டது. எனக்கே தெரியாமல் இன்னும் என்னவெல்லாம் மாற்றியிருக்கிறேனோ.

அடுத்த மாதம் உன் நினைவு நாள். அம்மா அவரைத் திருச்சிக்கு வரச் சொல்லியிருக்கிறாள். வருகிறேன் என்று பதில் போட்டிருக்கிறார். பெரியப்பா வருவார், சித்தி வருவாள். சாம்பிராணி போடுவார்கள். அவர் இருமுவார். யார் இவர் என்று திரும்பவும் யாராவது கேட்பார்கள். அப்போது நான் என்ன சொல்வேன் என்று எனக்குத் தெரியவில்லை. பெரிய வீராங்கனை மாதிரி இப்போது எதையாவது சொல்லிவிட்டு அங்கே போய் வாயை மூடிக்கொண்டால் உனக்கு இன்னொரு பொய் சொன்னதாகிவிடும். அதனால் என்னால் முடிந்ததை மட்டும் சொல்கிறேன். கூட வேலை பார்த்தவர் என்று சொல்ல மாட்டேன். நண்பர் என்று சொல்ல மாட்டேன். அவருக்குக் கொடுக்க வெந்நீரைக் கையில் வைத்துக்கொண்டு நிற்பேன். பத்திரிகையில் இந்த வருஷத்து விளம்பரத்துக்குப் பெயர் வரிசை கேட்டிருக்கிறார்கள். இன்னும் அனுப்பவில்லை. எப்படி இருக்கும் என்று இங்கே ஒருமுறை எழுதிப் பார்க்கிறேன்.

உன்னை நினைத்து வாடும்
அம்மா,
ஆண்ட்ரூ,
அக்கா.